பதினைந்தாம் எழுத்து: மெலிசா வழக்கில் ஓர் அடையாள எண் சொன்னதும் சொல்லாததும்

1999 மார்ச் 26, வெள்ளிக்கிழமை. பிறர் ஒருவருடைய ஏஓஎல் (அமெரிக்க இணையச் சேவை நிறுவனம்) கணக்கைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தி, இணையச் செய்திக் குழு ஒன்றில் யாரோ ஒரு வேர்ட் கோப்பை ஏற்றினார். கட்டணம் செலுத்திப் பார்க்கும் ஆபாசத் தளங்களின் கடவுச்சொற்கள் அதில் இருக்கின்றன என்பது தூண்டில். திறந்தவர்களின் கணினியில் கோப்புக்குள் இருந்த மேக்ரோ என்ற சிறுநிரல் ஓடி, அவுட்லுக் முகவரிப் புத்தகத்தின் முதல் 50 முகவரிகளுக்கு, ‘நீங்கள் கேட்ட ஆவணம் இதோ, வேறு யாரிடமும் காட்ட வேண்டாம்’ என்ற பொருள்படும் வரியோடு கோப்பை அனுப்பி வைத்தது. மெலிசா என்று பெயர் பெற்ற அந்த வைரஸ் 300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், அரசு அலுவலகங்கள் ஆகியவற்றின் மின்னஞ்சல் சர்வர்களைத் திணறடித்தது; சீர்செய்ய ஆன செலவு 8 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது. ஆறே நாளில், ஏப்ரல் 1 அன்று, டேவிட் எல். ஸ்மித் என்பவர் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் கைதானார்.

வைரஸின் வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. இந்த ஆய்வுக்கு வேண்டியது அந்தக் கோப்பில் ஒளிந்திருந்த 36 எழுத்து நீளமுள்ள ஓர் அடையாள எண் மட்டுமே. மென்பொருளில் தானாக உருவாகும் தனித்துவ அடையாளங்களை, விண்டோஸ் உலகில் ஜியுஐடி என்றும் பிற இடங்களில் யுயுஐடி என்றும் அழைக்கப்படுபவற்றை, எதை நம்பி எப்படிப் படிக்க வேண்டும், எந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட வேண்டும் என்பதற்கு இவ்வளவு தெளிவான வழக்கு வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

எண் எங்கே இருந்தது

ஆபீஸ் 97 தொகுப்பில் உருவான ஒவ்வொரு கோப்புக்கும் மென்பொருள் தானாகவே ஓர் அடையாள எண்ணைக் கொடுத்து, கோப்பின் பண்புகள் பகுதியில் எழுதி வைத்தது. வேர்டின் எந்தப் பட்டியலிலும் அது கண்ணில் படாது. ஆனால் கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் அதைத் திறந்து, ‘பிஐடி’, ‘ஜியுஐடி’ என்ற இரண்டு சொற்களையும் அடிக்கோட்டால் இணைத்த பண்புப் பெயரைத் தேடினால், அதை அடுத்து நெளிவு அடைப்புக்குறிக்குள், ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் ஒரு சுழிய பைட் வர, அந்த எண் அப்படியே நிற்கும். தேடத் தெரிந்தவருக்கு ஒரு நிமிட வேலை.

மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபார் லாப் சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தின் தலைவராக இருந்த ரிச்சர்ட் எம். ஸ்மித் என்பவர், மெலிசா பரவுவதற்குச் சில வாரங்கள் முன்பே இதைக் கவனித்து வெளியிட்டிருந்தார். எண்ணின் கடைசிப் பன்னிரண்டு எழுத்துகள் அந்தக் கணினியின் நெட்வொர்க் கார்டு முகவரி என்பதையும், விண்டோஸ் 98இன் பதிவு நிரல் பயனர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் வன்பொருள் அடையாளத்தை மைக்ரோசாஃப்டுக்கு அனுப்புகிறது என்பதையும் அவர் காட்டினார். பென்டியம் 3 சிப்பில் இன்டெல் வரிசை எண் பதித்ததால் எழுந்த கூச்சல் அடங்காத நேரம் அது. மைக்ரோசாஃப்ட் தவற்றை ஒப்புக்கொண்டு, எண்ணை நீக்கும் கருவி தருவதாக அறிவித்தது. (வைரஸைப் பரப்பியவரும் ஸ்மித், துப்புத் துலக்கியவரும் ஸ்மித். இருவருக்கும் உறவில்லை. தனித்துவ அடையாளம் ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டால் இந்த வழக்கின் பெயர்ப் பட்டியலையே காட்டலாம்.)

எண்ணைப் பிரித்துப் படித்தல்

மெலிசாவின் அசல் எண்ணுக்குப் பதிலாக, அதே காலத்து அமைப்பில் நானே ஒன்றைப் புனைந்து கொள்கிறேன். நினைவில் நிற்பதற்காகக் கணித மாறிலி பையின் (3.14159...) இலக்கங்களை இட்டிருக்கிறேன். வலைமுகவரிப் பகுதிக்கு, அதாவது நெட்வொர்க் கார்டு முகவரி வரும் இடத்துக்கு, ஆவணங்களில் எடுத்துக்காட்டாகக் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரி ஒன்றை எடுத்திருக்கிறேன்.

31415926-5358-11டி2-9793-00005ஈ005301

சுழியம் முதல் ஒன்பது வரையிலான இலக்கங்களும் ஏ முதல் எஃப் வரையிலான ஆறு எழுத்துகளும் சேர்ந்த பதினாறடிமான எண் இது. 8, 4, 4, 4, 12 என்று ஐந்து தொகுதிகளாக 32 இலக்கங்கள், இடையில் நான்கு சிறுகோடுகள், ஆக 36 எழுத்துகள், உள்ளடக்கம் 128 பிட். முதலில் பார்க்க வேண்டியது மூன்றாம் தொகுதியின் தலை எழுத்தை. கோடுகளையும் சேர்த்து எண்ணினால் அது பதினைந்தாம் எழுத்து. இந்த எண் எந்த முறையில் பிறந்தது என்பதை அந்த ஓர் எழுத்துதான் சொல்கிறது. இங்கே அது 1. நேரத்தையும் கணினியின் வலைமுகவரியையும் கொண்டு கோத்த எண் என்று பொருள். நான்காம் தொகுதியின் தலை எழுத்து 8, 9, ஏ, பி ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால், எண் பொதுவான வழக்கத்தைப் பின்பற்றுகிறது என்று கொள்ளலாம், இங்கே 9. இவ்விரண்டு எழுத்துகளையும் பார்க்காமல் மற்ற முப்பதைப் பற்றி எதையும் சொல்லக் கூடாது என்பதே என் கட்சி.

முறை 1 என்று உறுதியானபின் மற்றவை கைக்கணக்குதான். மூன்றாம் தொகுதியில் 1ஐ நீக்கி மிஞ்சும் 1டி2, பிறகு 5358, பிறகு 31415926 என்று பின்னிருந்து முன்னாகக் கோத்தால் 60 பிட் நீளமுள்ள ஓர் எண் கிடைக்கும். கிரெகோரியன் நாட்காட்டி நடைமுறைக்கு வந்த 1582 அக்டோபர் 15 நள்ளிரவிலிருந்து கடந்த நேரத்தை, ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு, அது எண்ணுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நம் எடுத்துக்காட்டு எண் 1998 செப்டம்பர் 24 அன்று உலக நேரப்படி அதிகாலை 2 மணி 42 நிமிடம் 19 நொடிக்குப் பிறந்தது. இந்திய நேரத்தில் காலை 8.12. நான்காம் தொகுதியின் மிச்சம், கணினியின் கடிகாரம் பின்னோக்கித் திருத்தப்பட்டால் ஒரே எண் இருமுறை வந்துவிடாமல் காக்கும் 14 பிட் எண். கடைசித் தொகுதி முழுவதும் வலைமுகவரி: அதன் முதல் பாதி கார்டைச் செய்த நிறுவனத்துக்கு ஐஇஇஇ என்ற பொறியாளர் தர அமைப்பு ஒதுக்கியது, மறு பாதி அந்த நிறுவனம் ஒவ்வொரு கார்டுக்கும் தானே கொடுப்பது.

முழுக் கணக்குப் போடாமலே ஒன்றைச் சொல்லிவிட முடியும். மூன்றாம் தொகுதியின் கடைசி இலக்கம் ஓர் எண்ணிக்கை கூடுவதற்குச் சுமார் 326 நாள் ஆகும். ‘11டி2’ என்ற தொகுதி 1998 ஜூன் 10 முதல் 1999 மே 1 வரை மட்டுமே வந்திருக்க முடியும். அதற்கு முந்தைய ‘11டி1’ 1997 ஜூலை 19 முதல். பழைய விண்டோஸின் அமைப்பு விவரங்களைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியை மேய்ந்தவர்களுக்கு 11சிஎஃப், 11டி0, 11டி1 ஆகியவை ஓயாமல் கண்ணில் பட்ட தொகுதிகள். அவற்றைத் தற்செயல் எழுத்துகள் என்று நினைத்துக் கடந்து போனவர்களே அதிகம், நான் உட்பட. அவை ஒவ்வொன்றும் ஒரு தேதி முத்திரை.

படிக்கும்போது ஒரு வழுக்கல் உண்டு. ஆபீஸ் கோப்பின் பண்பில் எண் எழுத்துகளாகவே இருந்ததால் விசாரணையில் அது குறுக்கிட வாய்ப்பில்லை; ஆனால் விண்டோஸ் அதே எண்ணைப் பதினாறு பைட்டுகளாகச் சேமிக்கும்போது முதல் மூன்று தொகுதிகளின் பைட்டுகளையும் தலைகீழாக அடுக்கும், கடைசி இரண்டையும் தொடாது. நம் எண்ணின் முதல் தொகுதி 26 59 41 31 என்றும் மூன்றாம் தொகுதி டி2 11 என்றும் கிடக்கும். அதைத் திருப்பாமல் அப்படியே எழுதினால் பதினைந்தாம் எழுத்தில் 1 இருக்காது, டி இருக்கும். இரண்டு மென்பொருள்கள் ஒரே எண்ணை வெவ்வேறாகக் காட்டிப் பதிவுகள் பொருந்தாமல் போகும்போது, மூன்றாம் தொகுதியின் மூன்றாம் எழுத்தில் முறை எண் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது போதும், பிழை எங்கே என்பது தெரிந்துவிடும்.

எண் எதை நிறுவியது

ஸ்வீடனில் இருந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர், மெலிசாவின் நிரல் வைகோடின்இஎஸ் என்ற புனைபெயரில் வைரஸ் எழுதி வந்தவருடைய கைவேலையை ஒத்திருக்கிறது என்று ரிச்சர்ட் ஸ்மித்திடம் சுட்டிக்காட்டினார். ஸ்மித் அந்தப் புனைபெயர்க்காரரின் தளத்தில் கிடைத்த கோப்புகளைத் திறந்து எண்களை ஒப்பிட்டார். மெலிசா கோப்பின் எண்ணோடு பொருத்தம் கிடைத்தது. பத்திரிகைகளுக்கு இது பெருவிருந்து. எண் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்ற தொனியில் செய்திகள் வந்தன, இன்றுவரை அப்படியே சொல்லப்படுகிறது.

அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ வெளியிட்டுள்ள வரலாற்றுக் குறிப்பு சொல்வது வேறு. ஏஓஎல் பிரதிநிதி ஒருவர் தந்த துப்பும், நியூஜெர்சிக் காவல் துறையோடு நடந்த கூட்டு வேலையும் மின்னணுத் தடத்தை டேவிட் ஸ்மித் வரை கொண்டு சென்றன. கோப்பை ஏற்றிய கணக்கு, அதில் நுழைந்த நேரம், எந்த இணைப்பு வழியாக நுழைந்தது என்பன போன்ற பதிவுகள் சேவை நிறுவனத்திடம் இருக்கும். கோப்புக்குள் உள்ள எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டேவிட் ஸ்மித் 1999 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2002 மே மாதம் 20 மாதச் சிறையும் 5,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன.

எண்ணின் அமைப்பை வைத்துப் பார்த்தால் அது இதற்குமேல் சொல்லியிருக்கவும் முடியாது. அந்த எண், கோப்பு முதன்முதலில் பிறந்த கணினியின் கார்டைக் குறிக்கிறது. யார் விசைப்பலகையில் உட்கார்ந்திருந்தார் என்பதைக் குறிப்பதில்லை. ஒரு வைரஸ் எழுத்தாளர், இன்னொருவரின் கோப்பை இறக்கி, அதன் மேலேயே திருத்தி, வேறு பெயரில் சேமித்தால், பழைய எண் கூடவே வரும். வைரஸ் எழுதுபவர்கள் ஒருவர் நிரலை மற்றவர் எடுத்துத் திருத்துவது வழக்கமாக இருந்த உலகில், இரண்டு கோப்புகளின் எண் பொருந்துவது ‘இக்கோப்புகளுக்கு ஒரே மூதாதை’ என்பதற்குச் சான்றே தவிர, ‘இவற்றை எழுதியவர் ஒருவரே’ என்பதற்குச் சான்றாகாது. கார்டை ஒரு கணினியிலிருந்து கழற்றி மற்றொன்றில் மாட்டலாம். மென்பொருளால் முகவரியை மாற்றவும் முடியும். பண்பில் உள்ள எண்ணை ஹெக்ஸ் எடிட்டரில் கையால் அழித்து எழுதவும் எவருக்கும் தடையில்லை.

பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் மெலிசாவின் பரவும் முறையிலேயே இருந்தது. தொற்றிய கணினியில் அந்த மேக்ரோ, புதிய ஆவணங்களுக்கு அடிப்படையாகும் வேர்டின் பொது டெம்ப்ளேட்டில் ஏறிக்கொண்டதால், அதன்பின் அங்கே கையாளப்பட்ட வேறு ஆவணங்களும் தொற்றை ஏந்தின; அவற்றை வாங்கித் திறந்தவரின் கணினியிலிருந்து முதல் கோப்புக்குப் பதிலாக அந்த வேறு ஆவணமே ஐம்பது பேருக்குப் போனது. ரகசிய ஆவணங்கள் வெளியேறும் ஆபத்து இதனால்தான் வந்தது. அடையாள எண்ணின் கோணத்தில் இதன் பொருள்: இரண்டாம், மூன்றாம் சுற்றில் சிக்கிய பிரதி ஒன்றைத் திறந்து எண்ணைப் படித்தவர், வைரஸை அனுப்பியவரின் கணினியை விட்டுவிட்டு, ஒன்றுமறியாத ஓர் அலுவலரின் கணினியைச் சுட்டிக்காட்டியிருப்பார். செய்திக் குழுவில் முதலில் ஏறிய கோப்பு கைவசம் இருந்ததால்தான் ஒப்பீட்டுக்கே அர்த்தம் இருந்தது.

இரண்டு ஸ்மித்களில் துப்புத் துலக்கியவர் செய்த வேலை நேர்த்தியானது என்றே கருதுகிறேன். பிழை, அந்த வேலையின் முடிவை அதன் அமைப்பு தாங்காத இடத்துக்கு இழுத்துச் சென்ற வாசிப்பில் இருந்தது.

1க்குப் பதில் 4

இதற்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 97க்கு எண் எழுதுவதை நிறுத்தும் திருத்த நிரலையும், பழைய கோப்புகளிலிருந்து எண்ணை அகற்றும் கருவியையும் தந்தது. அதைவிடப் பெரிய மாற்றம் அடித்தளத்தில் நடந்தது. விண்டோஸில் அடையாள எண் உருவாக்கும் செயற்கூறு, விண்டோஸ் 2000 முதல் வலைமுகவரியைப் பயன்படுத்துவதில்லை. பாதுகாப்புக் காரணத்தால் மாற்றியதாக மைக்ரோசாஃப்டின் ஆவணமே சொல்கிறது; பழைய முறைதான் வேண்டும் என்பவர்களுக்கு வேறு பெயரில் தனிச் செயற்கூறு வைத்தார்கள். புதிய எண்களின் பதினைந்தாம் எழுத்து 4.

27182818-2845-4904-8523-536028747135

முறை 4இல் 128 பிட்டில் நான்கு முறை எண்ணுக்கும் இரண்டு வழக்கத்தைக் குறிக்கவும் போக, மிச்சம் 122 பிட்டும் தற்செயலாக நிரப்பப்படுகின்றன. இங்கே 4ஐயும் 8ஐயும் தவிர்த்து எதையும் ‘படிக்க’ முடியாது. படிக்க முடிந்தால் உருவாக்கியவர் ஏமாற்றியிருக்கிறார். (இதில் நான் ஏமாற்றியிருக்கிறேன்: கணித மாறிலி ஈ தெரிந்தவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள்.) சாத்தியமான எண்கள் 10இன் 36ஆம் அடுக்கைப் போல் 5.3 மடங்கு. 103 லட்சம் கோடி எண்களை உருவாக்கிய பிறகும் அவற்றுள் ஏதேனும் இரண்டு ஒத்துப்போகும் வாய்ப்பு நூறு கோடியில் ஒன்றுதான். மையப் பதிவேடு, அனுமதி எதுவும் இல்லாமல் ஆளுக்கொரு மூலையில் எண் உருவாக்கிக்கொள்ள முடிவது இந்தப் பெருக்கத்தால்தான். முன்பு அந்த உத்தரவாதத்தை நெட்வொர்க் கார்டு தந்தது, இப்போது நிகழ்தகவு தருகிறது.

ஆனால் உத்தரவாதம் அமைப்பிலிருந்து வருவதில்லை, தற்செயல் எண்களைத் தரும் மூலத்திலிருந்து வருகிறது. எண்ணின் நடுவே 4 எழுதியிருப்பது உருவாக்கிய மென்பொருளின் வாக்குமூலம் மட்டுமே. 2008 மே மாதம் வெளிவந்த டெபியன் லினக்ஸ் விவகாரத்தை நினைவுபடுத்திக்கொள்ளலாம்: ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நிரல் நூலகத்தில் எச்சரிக்கை காட்டிய ஓரிரு வரிகளை நீக்கியதில் தற்செயல் எண்களின் மூலம் வற்றிப்போய், ஓடும் நிரலுக்குக் கணினி தரும் புரோசஸ் எண் ஒன்றே மிஞ்சியது, ஒரு வகைக் கணினியில் ஒரு நீளத்துக்கு 32,768க்கு மேல் வேறுபட்ட மறையாக்கச் சாவிகள் வர இயலவில்லை. இரண்டு ஆண்டுகளாக உருவான சாவிகள் அத்தனையும் வடிவத்தில் குறையற்றவை. அவை சாவிகள், அடையாள எண்கள் அல்ல. ஆயினும் அப்படிப்பட்ட மூலத்தில் பிறக்கும் முறை 4 எண்ணும் இதே கதிக்கு உள்ளாகும், பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் தெரியாது.

யுயுஐடி அமைப்பை 2005இல் தரப்படுத்திய ஆர்எஃப்சி 4122 என்ற இணையத் தர ஆவணம், இந்த எண்களை யூகிக்கக் கடினமானவை என்று கருதி அனுமதிச் சீட்டாகப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்திருந்தது. கடவுச்சொல் மாற்றும் இணைப்பில் முறை 1 எண்ணை வைத்த தளங்களுக்கு அதன் பொருள் உறைத்திருக்கும்: தனக்காக ஓர் இணைப்பு, உடனே இலக்கானவருக்கு ஓர் இணைப்பு, மறுபடி தனக்கு ஒன்று என்று வரிசையாகக் கேட்டால், நடுவே பிறந்த எண்ணின் நேரம் இரண்டு பக்கமும் அணைகட்டப்பட்டு, தேடவேண்டிய பரப்பு சுருங்கிவிடும். வலைமுகவரி மூன்றிலும் ஒன்றே. இணைப்பின் பதினைந்தாம் எழுத்தைப் பார்த்த யாரும் இதை முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள்.

மீண்டும் தேதி முத்திரை

முழுக்கத் தற்செயலான எண்ணுக்கும் ஒரு விலை உண்டு. தரவுத்தளத்தில் அதை, ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் முதன்மைச் சாவியாக வைத்தால் ஒவ்வொரு புதிய வரியும் தேடலுக்கான இண்டெக்ஸின் எங்கோ ஓர் இடத்தில் போய் விழுகிறது. அட்டவணை பெருக்கப் பெருக்க எழுதும் வேகம் குறைகிறது. 2024 மே மாதம் ஆர்எஃப்சி 4122க்கு மாற்றாக வந்த ஆர்எஃப்சி 9562, இதற்காக முறை 7ஐ ஏற்றது: முதல் 48 பிட்டில் 1970 முதல் எண்ணிய மில்லிநொடிகள், மிச்சத்தில் 74 பிட் தற்செயல், வலைமுகவரிக்கு இடமே இல்லை. நேரத்தின் பெரிய அலகு முன்னே வருவதால் எண்கள் பிறந்த வரிசையிலேயே அடுக்கப்படும். முறை 1 நேரத்தின் சிறிய பகுதியை முதலில் எழுதியதால் அந்த வசதி அதற்கு இருந்ததில்லை. போஸ்ட்கிரெஸ்கியுஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 18ஆம் பதிப்பில் இந்த முறை உள்ளுறையாகவே வந்துவிட்டது.

ஆக, மெலிசா காலத்துக் கோப்புகள் சொன்ன இரண்டு செய்திகளில் ஒன்று திரும்பி வந்திருக்கிறது, மற்றது வரவில்லை. மருத்துவமனைப் பதிவோ புகார் மனுவோ முறை 7 எண்ணோடு வெளியே தெரியும் இடத்தில் நின்றால், அது எந்த மில்லிநொடியில் பதிவானது என்பதும் கூடவே தெரிகிறது. எந்தக் கணினியில் என்பது தெரியாது. முதல் தொகுதி 0190 என்று தொடங்கி, பதினைந்தாம் எழுத்து 7 ஆக இருக்கும் எண் ஒன்று கையில் கிடைத்தால், அது 2024 ஜூன் 10க்கும் ஜூலை 29க்கும் இடையில் பிறந்தது என்று கருவி எதுவும் இல்லாமலே சொல்லலாம். 11டி2 தொடங்கியதும் ஒரு ஜூன் 10 தான், 26 ஆண்டுகளுக்கு முன். அது மட்டும் உண்மையிலேயே தற்செயல்.